குறி சொல்லும் வகுப்பு

இங்கிலீஷில் எதிர்காலம் படிப்பிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, பிள்ளைகளைச் சாத்திரக்காரர் ஆக்கிவிடுவதுதான். பக்கத்து வாங்கில் இருப்பவரின் கையைப் பிடித்து வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். 'வில்' மட்டும் வந்தாக வேண்டும். பயிற்சிக் கொப்பியைக் கண்டாலே ஊமையாகிற பிள்ளைகூட 'யூ வில் மெரி எ போலிஸ்மன்' என்று கூவும். கையை நீட்டியவள் சும்மா இருப்பாளா? 'நோ, ஐ வோண்ட்!' எதிர்மறையும் அங்கேயே பாடமாகிவிடும்.

அந்த மறுப்புக்காகத்தான் இந்த விளையாட்டை நான் விடுவதில்லை. வெளியே சொல்லப்படும் வருங்காலத்துக்கு இவ்வளவு சுலபமாக மறுப்புச் சொல்ல முடியாது. இலங்கையில் சாத்திரம் அரசாங்க அலுவல். 2009இல் சந்திரசிறி பண்டார என்ற சோதிடர், ஜனாதிபதிக்குக் கெட்ட காலம் என்று கணித்ததற்காகக் கைதானார். சுமணதாச அபேகுணவர்தன என்ற இன்னொரு சோதிடர் குறித்துக்கொடுத்த நாளை நம்பி, தவணை முடிய இரண்டு வருடம் இருக்கையிலேயே தேர்தலுக்குப் போன அதே ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, 2015 ஜனவரி 8இல் தோற்றார்.

நட்சத்திரத்தைப் பார்க்காத சாத்திரமும் உண்டு. நான் இப்போது பல்லேகமவில் படிப்பிக்கிறேன். பழைய பல்லேகம களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அந்த நீர்த்தேக்கமும் அடங்கிய, 1960களின் கடைசியில் வகுத்த மகாவலிப் பெருந்திட்டம் அணைகளாக எழுந்து முடிய அரை நூற்றாண்டு பிடித்தது. மூழ்கிய ஊருக்குப் பதிலாகக் கட்டிய புதிய லக்கல நகரத்தை 2019இல் திறந்துவைத்தவர், அபேகுணவர்தனவின் கணிப்பைப் பொய்யாக்கி வென்ற மைத்திரிபால சிறிசேனதான். வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'ஊர் தண்ணிக்குள் போகும்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே வாழ்கிற ஒருவர், வீட்டுக்கு இன்னொரு அறை கட்டலாமா என்று யாரிடம் போய்க் கேட்பார்?

பிள்ளைகளுக்கு நாமும் இப்படித்தான் குறி சொல்கிறோம். பத்து வயதில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை ஒரு பலன் சொல்கிறது. வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் 'நீ உருப்படமாட்டாய்' என்று வீடும் சொல்கிறது, சில நேரம் ஸ்டாஃப் ரூமும் சேர்ந்துகொள்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னால் அது பலித்தும்விடும். பிறகு 'நான் அப்பவே சொன்னேன்' என்று பெருமை வேறு.

குறி சொல்லும் விளையாட்டில் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். முழுச் சுதந்திரம் கொடுத்தாலும் 'யூ வில் ஃபெயில்' என்று கிட்டத்தட்ட யாருமே சொல்வதில்லை. கிண்டல் பண்ணுவார்கள், ஒன்பது பிள்ளைகள் பிறக்கும், தலை மொட்டையாகும் என்பார்கள். கடைசி வாங்குப் பையனைப் பைலட் ஆக்குகிறவன் அவனோடு நேற்றுச் சண்டை போட்டவனாகக்கூட இருப்பான். அந்தப் பையன் பைலட் ஆகப்போவதில்லை என்று சொல்ல எனக்கு என்ன சாத்திரம் தெரியும்?

பாடம் முடிகையில் என் கையையும் நீட்டுவேன். 'டீச்சர், யூ வில் நாட் கிவ் ஹோம்வர்க் டுடே!' அது மட்டும் பெரும்பாலும் பலித்துவிடுகிறது.