உபாத்தியாயரின் உபாசனை

கடவுளை நாடுகிறவன் வீட்டையும் மனைவி மக்களையும் விட்டுப் புறப்பட வேண்டுமா, அல்லது பிள்ளைகளின் அழுகைக்கும் சம்பளக் கணக்குக்கும் நடுவிலேயே இருந்துகொண்டு அவனை உபாசிக்க முடியுமா என்ற விசாரம் மிகப் பழமையானது. ஜெர்மனியில் அதற்குத் தீர்மானமான விடை சொன்னவர் மார்ட்டின் லூதர். மடத்துத் துறவியாக இருந்த அவர் 1525-இல் விவாகம் செய்துகொண்டார். குருமாருக்கே உரியதென்று எண்ணப்பட்ட திருப்பணி, செருப்புத் தைப்பவனுக்கும் கொல்லனுக்கும் உழவனுக்கும் அவரவர் தொழிலிலேயே வாய்த்திருக்கிறது என்று போதித்தார். ஒரு சித்தாந்தத்தின் பெறுமானத்தை அதை நம்பிய ஒருவன் அன்றாடம் எப்படி வாழ்ந்தான் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். அவ்வகையில், லூதரின் மார்க்கத்தில் பிறந்து வளர்ந்த யோஹான் செபாஸ்டியன் பாக் என்னும் பள்ளி உபாத்தியாயரின் சரித்திரம் என்னை நெடுங்காலமாகக் கவர்ந்து வந்திருக்கிறது.

மகா சங்கீத கர்த்தா என்று இன்று உலகம் போற்றும் அவரை, 1723-இல் லைப்ஸிக் நகரத்தார் நியமித்தது புனித தாமஸ் பள்ளியில் தலைமை ஆசிரியருக்கும் துணைத் தலைமை ஆசிரியருக்கும் அடுத்த மூன்றாம் ஸ்தானத்தில்தான். 1750-இல் கண்ணை மூடும் வரையில் அந்தப் பதவியிலேயே இருந்தார். குடியிருப்பும் பள்ளிக் கட்டிடத்திலேயே. லத்தீன் பாடம் நடத்தும் பொறுப்பைத் தம் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து ஒரு சக ஆசிரியரிடம் ஒப்படைத்தார் என்றாலும், நான்கு வாரங்களுக்கு ஒரு முறை விடுதிப் பையன்களை மேற்பார்வை செய்யும் முறை அவருக்கும் இருந்தது. அந்தப் பையன்களே தேவாலயத்தின் பாடகர்கள். அவர்களில் 17 பேர் சங்கீதத்துக்கே லாயக்கற்றவர்கள் என்று 1730-இல் நகர சபைக்கு அவர் எழுதிய விண்ணப்பம் இன்றும் இருக்கிறது.

இப்படிப்பட்ட குழுவை வைத்துக்கொண்டு, ஆரம்ப வருஷங்களில் ஏறக்குறைய வாரந்தோறும் ஒரு புதிய கீர்த்தனத் தொகுதியை இயற்றி, மனைவியும் மக்களும் மாணவர்களும் சேர்ந்து பிரதியெடுக்க, பையன்களுக்குப் பாடம் பண்ணி ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பாடவைத்தார். சுமார் 200 தொகுதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒரு தரம் பாடியபின் பல வருஷங்கள் அலமாரியில் கிடக்கப்போகும் ஒன்றில், எவருடைய செவியும் பிரித்தறிய முடியாத அத்தனை நுட்பங்களை எதற்காக இழைத்தார்? ஏடுகளின் தலைப்பில் இயேசுவின் துணை வேண்டும் எழுத்துகளையும், முடிவில் மகிமை கடவுள் ஒருவருக்கே என்று பொருள்படும் எழுத்துகளையும் அவர் பொறித்து வைத்த வழக்கத்தில் இதற்கு விடை இருக்கிறது. தேவாலயத்துக்கென்று எழுதியவற்றோடு அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. 1720-இல், ஒன்பது வயது நிரம்பிய மூத்த குமாரனுக்காகத் தொடங்கிய பாடப் புத்தகத்தில், எந்த விரலை எந்தக் கட்டையில் வைப்பது என்று கற்பிக்கும் பாலபாடத்தின் மேலும், நாம் பிள்ளையார் சுழி போடுவதைப் போல, இயேசுவின் நாமம் குறிக்கப்பட்டிருக்கிறது. தேவாலயத்துப் பாட்டுக்கும் குழந்தையின் விரற்பயிற்சிக்கும் ஒரே சமர்ப்பணம்! சாலொமோன் கட்டிய ஆலயத்தில் கீதவாத்தியங்கள் முழங்கியபோது இறைவனின் பிரசன்னம் மேகமாய் வந்து நிறைந்தது என்று கூறும் வேதபாகத்தின் ஓரத்தில், பக்தியோடு இசைக்குமிடத்தில் அவனுடைய அருட்சாந்நித்தியம் எக்காலமும் உண்டு என்ற கருத்தை அவர் தம் கைப்படக் குறித்திருக்கிறார். அப்படியானால் தேடிப் புறப்பட வேண்டிய இடம்தான் ஏது?

இவ்வளவும் சௌகரியமான வாழ்க்கையில் விளைந்ததென்று யாரும் எண்ணவேண்டாம். பத்து வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் இழந்தவர் அவர். மகனுக்குப் பாடப் புத்தகம் தொடங்கிய அதே 1720-இல், அப்போது தாம் சேவகம் செய்துவந்த பிரபுவோடு வெளியூர் சென்று திரும்பியபோது, முதல் மனைவி மரியா பார்பராவை அடக்கம் செய்தாகிவிட்டது என்ற செய்தியே அவரை எதிர்கொண்டது. இரு மனைவியரிடமும் பிறந்த 20 குழந்தைகளில் வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர்தாம். வளர்ந்தவர்களிலும் ஒருவன் கடன்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய், மறு வருஷமே இறந்தான். சம்பளக் குறைவும் அவரை வாட்டியது. நகரில் நல்ல காற்று வீசினால் சாவு குறைந்து, சவ அடக்கத்தில் பாடும் வரும்படியும் குறைந்துவிடுகிறது என்று ஒரு பால்ய சிநேகிதருக்கு ஒளிவுமறைவின்றி எழுதினார். பக்தனுக்கு இது தகுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அத்தனை வயிறுகளுக்கு அன்னமிட வேண்டிய கிருகஸ்தன் கணக்குப் பாராதிருந்தால் அதையே நான் குற்றமென்பேன். அதே கடிதத்தில், தம் குடும்பத்தாரைக் கொண்டே பாட்டும் வாத்தியமுமாக ஒரு கச்சேரி நடத்திவிடலாம் என்று அவர் பெருமிதத்தோடு சொல்கிறார்.

எனினும் இல்லறத்தையே தவமாகக் கொண்டவரைப் புகழும்போது, அந்த இல்லறத்தின் பாரத்தைத் தாங்கியவர் யார் என்று கேளாமல் விடுவது தர்மமாகாது. 1721-இல் அவரை மணந்த அன்னா மக்தலேனா, அரசவையில் சம்பளம் பெற்றுப் பாடிய சங்கீத விதுஷி. அவர் பெற்ற பிள்ளைகள் பதின்மூன்று. சிறு வயதிலேயே பறிகொடுத்தது ஏழு. இடையிடையே கணவரின் சாகித்தியங்களை அவர் எழுதிய பிரதிகளில், எழுத்தின் வடிவம் கணவருடையதை எவ்வளவு ஒத்திருக்கிறதென்றால், பிற்கால ஆராய்ச்சியாளர்களே மயங்கியதுண்டு. கணவர் மறைந்தபின் பத்து வருஷம் வறுமையில் உழன்று, தர்மப் பணத்தில் ஜீவித்து, 1760-இல் காலமானார். அருள் கூலியாக வருவதில்லை என்பது வேதாந்திக்குத் தெரியும். ஆனாலும் இந்த அம்மையாரின் முடிவை எண்ணும்போது என் மனம் சமாதானமடைவதில்லை. இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் செல்லோ வாத்தியத் தனி உருப்படிகள் ஆறுக்கும் பாக் கைப்பட எழுதிய மூலம் கிடைக்கவில்லை. வித்துவான்கள் இன்றும் முதன்மையாகப் பார்ப்பது அன்னா மக்தலேனா எழுதிவைத்த பிரதியைத்தான்.