தெரிந்தவன் கடன்



ஒரு காரியத்தை அறிந்தவன், அதை அறியாமல் அஞ்சுகிறவனுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறானா? "நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை, என் அறிவு என்னோடு" என்று அவன் சும்மா இருந்துவிட்டால் அது குறையாகுமா? ஒல்லாந்து தேசத்தில் ஒரு தொழிலாளி இக்கேள்விக்குத் தன் வீட்டு மச்சில் விடை எழுதி வைத்திருக்கிறான்.

அவன் பெயர் ஐசே ஐசிங்கா. 1744-ல் பிறந்தவன். பிரானெக்கர் என்னும் சிற்றூரில் கம்பளி ரோமத்தைச் சிக்கெடுத்துச் சீவுவது அவன் தொழில். பெரிய பள்ளியில் படிக்கும் பாக்கியம் அவனுக்குக் கிட்டவில்லை. ஆனால் கணிதமும் வான சாஸ்திரமும் தானாகவே கற்றுத் தேர்ந்தான். 1774 மே 8-ம் தேதி சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன் ஆகியவை மேஷ ராசியில் ஒன்றுகூட இருந்தன. அவை ஒன்றையொன்று இழுப்பதனால் பூமி தன் பாதையினின்று பிடுங்கப்பட்டுச் சூரியனில் விழுந்து எரியக்கூடும் என்று ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதை எழுதியவர் ஒரு சபையின் போதகர் என்பதைப் பிரசங்க பீடத்தில் ஏறும் எங்களைப் போன்றவர்கள் மறக்கலாகாது. ஜனங்கள் நடுநடுங்கினார்கள்.

குறித்த நாள் வந்தது, போயிற்று. பூமி அசையாமல் தன் வழியே சென்றது. ஆனால் ஐசிங்கா வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்தான். பகலெல்லாம் ரோமம் சீவிவிட்டு, மிஞ்சிய நேரத்தில் ஏழு ஆண்டு உழைத்து, 1781-ல் முடித்தான். தான் குடியிருந்த அறையின் பலகை மச்சிலேயே சூரியனை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் புதன் முதல் சனி வரை ஆறு கிரகங்களையும் ஓடவிட்டான். மச்சுக்கு மேலே மர வளையங்களும் மரச் சக்கரங்களும் இருக்கின்றன. கையால் அடித்த சுமார் 10,000 இரும்பு ஆணிகளே அவற்றின் பற்கள். ஓர் ஊசல் கடிகாரமும் 9 எடைக் குண்டுகளும் அவ்வளவையும் இயக்குகின்றன. புதன் 88 நாளில் ஒரு சுற்று. பூமி ஓராண்டில் ஒரு சுற்று. சனி இருபத்தொன்பது ஆண்டுக்கு மேல். வானத்தில் எப்படியோ அப்படியே மச்சிலும். அவ்வீடு இன்றும் உண்டு; யந்திரம் இன்றும் ஓடுகிறது. 2023-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அச்சம் மறுநாளே தீர்ந்துவிட்டதே, பிறகு ஏழு ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். பயம் கடந்துபோவது வேறு, பயம் தெளிவது வேறு. கடந்துபோன பயம் திரும்பி வரும். 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன என்று இந்தியா முழுவதும் கலங்கியதை உங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டுப் பாருங்கள். உலகம் அழியும் என்றார்கள், யாகங்கள் நடந்தன, பிரயாணத்தை ஒத்திவைத்தவர்கள் உண்டு. அந்த நாட்களும் ஒன்றுமில்லாமல் போயின. ஆயினும், "ஒன்றும் நடக்கவில்லை" என்று அறிந்தவர்கள் பலர். ஏன் நடக்கவில்லை என்று அறிந்தவர்கள் சிலரே.

நம் நாட்டில் கணக்குத் தெரிந்தவர் இல்லாமலில்லை. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்னதை, 1825-ல் அச்சான 'கால சங்கலித' என்னும் நூலில் ஜான் வாரன் வியந்து எழுதியிருக்கிறார். எவ்வளவு பெரிய ஆற்றல்! ஆனால் சிலர் நினைவிலே தங்கிய கணக்கு, பக்கத்துத் தெருவில் கிரகணத்துக்கு நடுங்கியவனுடைய நெஞ்சுக்கு எட்டவில்லை.

அறியாதவருக்குக் கற்பிப்பதைத் திருச்சபை இரக்கத்தின் ஞானக் கிரியைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பசித்தவனுக்குச் சோறு இடுவதும் அஞ்சுகிறவனுக்கு விளக்கம் சொல்லுவதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சோற்றை எறிந்து கொடுத்தால் அது தர்மமாகுமா? ஏளனத்தோடு சொல்லும் அறிவும் அப்படித்தான். ஐசிங்கா யாரையும் பழித்து நூல் எழுதவில்லை. பித்தளையில் செய்த இத்தகைய யந்திரங்கள் இங்கிலாந்தில் முன்பே இருந்தன. அவை பிரபுக்களின் மாளிகை அலங்காரம். இவனோ அயலார் வந்து நின்று அண்ணாந்து பார்க்கும்படி மரத்தையும் ஆணியையும் கொண்டு தன் குடியிருப்பிலேயே செய்தான்.

கற்பிக்கிறவனுக்கு வேண்டிய தாழ்மையும் அந்த மச்சில் இருக்கிறது. பத்து லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று அவன் அளவு வைத்தான். அக்கணக்கில் பூமி சூரியனுக்கு 15 சென்டிமீட்டர் தூரம்; சனி ஏறக்குறைய 1.4 மீட்டர். ஆனால் சூரியன் ஒரு கடுகளவே ஆகும். பூமி கண்ணுக்கே தெரியாது. ஆகவே தூரத்தை மெய்யாகக் காட்ட, உருவத்தின் பருமனை விட்டுக்கொடுத்தான். இரண்டையும் மெய்யாகக் காட்ட வேண்டுமானால் நம் வீராணம் ஏரிக்கரை வேண்டும். லால்பேட்டைக் கரையில் ஓர் ஆள் மார்பளவு உருண்டையைச் சூரியனாக வைத்தால், பூமி 150 மீட்டர் தள்ளி ஒரு கோலிக்குண்டு. சனி கரையோடு ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் ஒரு தேங்காய்.

யந்திரம் முடிந்த அதே 1781-ல் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அதற்கு அந்த அறையில் இடமில்லை. லீப் வருடத்தில் பிப்ரவரி 29 வரும்போதெல்லாம் மனிதக் கை யந்திரத்தைச் சற்றுத் திருத்தியாக வேண்டும். தெரிந்தவனுக்கும் தெரியாதது உண்டு என்பதை அந்த மச்சு மறைக்கவில்லை. அதனாலேயே அது நம்பத்தக்கது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் பள்ளியில் இதையெல்லாம் படிக்கிறார்கள். மாலையில் பிறை பார்க்கும் அயலார் நிறைந்த ஊர் நம்முடையது. "முப்பது வருடம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருடம் தாழ்ந்தவனும் இல்லை" என்று சனியின் சுற்றைக் கொண்டு வாழ்வைச் சொல்லும் பாட்டிமார் வீட்டிலேயே இருக்கிறார்கள். அடுத்த கிரகணத்துக்கு யாரேனும் கலங்கினால், பிள்ளை சிரித்துவிட்டுப் போக வேண்டாம். ஒரு விளக்கை ஏற்றி, ஒரு பந்தையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து, நிழல் விழுவதைப் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டட்டும். அவனிடம் ஏழு ஆண்டு கேட்கவில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

உங்கள் பங்குக் குரு