அணைந்துபோனால் என்ன மிஞ்சும்?

மாதக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புகிற இளைஞர்கள் அவ்வப்போது என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. என்னென்ன மின்னணுக் கருவிகளை எடுத்துப்போகலாம் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. கையில் ஒரு பட்டியலும் இருக்கும். அதை வாங்கிப் படித்துவிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இது அணைஞ்சுபோனா அன்னிக்கு நீ என்ன செய்வே, தம்பி?"

ஒரு கருவி என்னவெல்லாம் செய்யும் என்பதை விற்கிறவரே சொல்லிவிடுவார். அது வேலை செய்யாத நாளைப் பற்றி நாம்தான் யோசித்தாக வேண்டும். பத்து நாள் சுற்றுலாவில் அப்படி ஒரு நாள் வராமலே போகலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீள்கிற பயணத்தில் வந்தே தீரும். மழை இருக்கிறது, தூசி இருக்கிறது, திருட்டு இருக்கிறது, மின்வெட்டு இருக்கிறது. எதுவும் நடக்காவிட்டாலும் பேட்டரிக்கு வயதாகிறது.

எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வடக்கே நீண்ட பயணம் போனார். காசியில் படித்துறையில் குனிந்தபோது சட்டைப்பையில் இருந்த போன் கங்கைக்குள் போய்விட்டது. போன் போனதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அதோடு சேர்ந்து என்னென்ன போயின என்பது பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மறுநாள் ரயில் டிக்கெட் அதில் இருந்தது. தங்கியிருந்த விடுதியின் முகவரி அதில் இருந்தது. கடையில் பணம் கொடுப்பதும் அதில்தான். வேறொருவர் போனில் தன் மின்னஞ்சலைத் திறக்கப் பார்த்தால், ஓடிபி ஆற்றில் கிடக்கிற சிம்முக்குப் போனது. மனைவியின் எண்ணை அவர் ஒருநாளும் மனப்பாடம் செய்ததில்லை. நினைவில் இருந்தது, சிறுவயதில் தஞ்சாவூர் வீட்டில் இருந்த தொலைபேசியின் எண் மட்டும்தான். அந்த இணைப்பைத் துண்டித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அனுமன் காட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஊர் காசி. அவர்களில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, சோறு சாப்பிட்டு, ஊரில் தன் பழைய அலுவலகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வீட்டு எண்ணை வாங்கினார்.

அவருடைய கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம்மில் யாருக்கும் இதே கதிதான். பயணியின் பையில் தனித்தனியாகக் கிடந்த வரைபடம், கேமரா, கடிகாரம், டார்ச், பணப்பை, டிக்கெட், முகவரிப் புத்தகம் எல்லாம் ஒரே பொருளுக்குள் போய்விட்டன. பையின் பாரம் குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் கேமரா தொலைந்தால் கேமரா மட்டும்தான் தொலைந்தது.

தனிமனிதருக்கு நேர்கிற இந்தச் சங்கடம் 2025 ஏப்ரல் 28 அன்று இரண்டு நாடுகளுக்கே நேர்ந்தது. நண்பகல் வாக்கில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் ஒரேயடியாக நின்றது. பல ஊர்களில் இரவு வரை வரவில்லை. ரயில்கள் நட்ட நடுவழியில் நின்றன. ஏராளமான பயணிகள் ரயில் நிலையத் தரையிலேயே இரவைக் கழித்தார்கள். கார்டு இயந்திரங்கள் ஓயவே, ரொக்கம் வைத்திருந்தவர்களுக்குத்தான் தண்ணீரும் ரொட்டியும் எளிதாகக் கிடைத்தன. செல்போன் கோபுரங்களின் மாற்று பேட்டரிகள் தீரத் தீர இணைப்பும் அறுந்தது. அந்த மாலையில் மாட்ரிட் தெருக்களில் மக்கள் பேட்டரி ரேடியோவைச் சுற்றி நின்று செய்தி கேட்டார்கள். கடைகளில் ரேடியோவைத் தேடி வாங்கினார்கள்.

என் பட்டியலில் உள்ளங்கை அளவு ரேடியோ மேலே இருப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு ஏஏ பேட்டரி போதும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பிடித்தமானது. மொழி தெரியாத ஊரில் மாலை நேரத்தில் உள்ளூர் நிலையத்தைத் திருப்பிவைத்தால், அந்த ஊர் எதைப் பாடுகிறது, செய்தி வாசிப்பவர் எந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், விளம்பரத்தில் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் காதில் விழும். நம் விருப்பத்தை அறிந்து பாட்டுப் போடுகிற செயலி இதைத் தராது.

தலையில் மாட்டுகிற ஹெட்லாம்ப் அடுத்தது. போனிலேயே விளக்கு இருக்கிறதே என்பார்கள். இருட்டில் அதை எரியவிட்டால், வெளிச்சத்துக்காக வரைபடத்தையும் வீட்டுத் தொடர்பையும் சேர்த்துச் செலவழிக்கிறோம். ஹெட்லாம்பில் இரண்டு கையும் நமக்கு மிச்சம். சிவப்பு விளக்கு உள்ளதாகப் பார்த்து வாங்கினால், பலர் சேர்ந்து தூங்குகிற அறையில் யாரையும் எழுப்பாமல் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

படிப்பதற்கு மின்மைத் திரை (இ-இங்க்) கொண்ட கிண்டில் போன்ற கருவி நல்லது. அதன் திரை பக்கம் மாறும்போதுதான் மின்சாரத்தை எடுக்கிறது. பக்கம் நிற்கும்போது எடுப்பதில்லை. அதனால்தான் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருகிறது. 2016 கடைசியில் கிண்டில் கடையில் தமிழ் நூல்களும் சேர்ந்தன. இணையத்தில் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நம் பழைய நூல்கள் பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன. இருநூறு கிராம் எடையில் சங்க இலக்கியத்தைச் சுமந்துகொண்டு நடப்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்தான். அது பழுதானால் வாசிப்பு நிற்கும். பயணம் நிற்காது.

இப்படி ஒவ்வொரு வேலையையும் போனிலிருந்து பிரித்து எடுக்க முடியாது, எடுக்க வேண்டியதுமில்லை. வரைபடத்துக்குப் போனைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் ஜிபிஎஸ் வேலை செய்ய சிம்மோ இணையமோ தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைப் போன் வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். இணையம் வேண்டியிருப்பது வரைபடத்தின் படத்துக்கு. அதை விடுதியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னலே இல்லாத பள்ளத்தாக்கிலும் நாம் நிற்கும் இடம் தெரியும். 2004 முதல் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சிற்றூர்களின் ஒற்றையடிப் பாதைகள்கூடப் பல இடங்களில் இருக்கின்றன. லடாக்குக்கும் காஷ்மீருக்கும் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். வெளி மாநிலத்தில் வாங்கிய பிரீபெய்டு சிம் அங்கே இயங்காது. போஸ்ட்பெய்டு இருந்தால் பேசலாம். விஷயம் தெரியாமல் லே விமான நிலையத்தில் இறங்கி, வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. அதை 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது எண் சுருங்குகிறது, கொஞ்சம் சூடாகவும் வீணாகிறது. கையில் வருவது ஏறக்குறைய ஆறாயிரத்துச் சொச்சம். விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய உச்சம் 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி. 27,000 வந்தால் வரம்பைத் தொட்டுவிடும். அதையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அணைக்கலாம். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஒரு விமானம் எரிந்தது. காரணம் பவர் பேங்க் என்ற சந்தேகம் எழுந்ததும், அந்த நாடு அவற்றை இருக்கைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கவே தடை விதித்தது. பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லும் விமான நிறுவனங்களும் இப்போது உண்டு. மலிவானதை வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

பிளக் அடாப்டர் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் எந்த நாட்டிலும் துளையின் வடிவத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

குளிர் வேறு கதை. ஸ்பிதி பள்ளத்தாக்கில், காஜா ஊரின் இரவுகளில், மாலையில் பாதிக்கு மேல் இருந்த சார்ஜ் காலையில் காணாமல் போயிருக்கும். குளிரில் பேட்டரிக்குள் நடக்கிற வேதிவினை மந்தமாகிறது. சூடேறினால் கொஞ்சம் திரும்பி வரும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுப்போகும். அதனால் அங்கே பழக்கப்பட்டவர்கள் போனையும் பவர் பேங்கையும் போர்வைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு தூங்குவார்கள்.

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரம் நோக்கி நடக்கிற பாதையில், உயரம் ஏற ஏற ஒரு போனைச் சார்ஜ் செய்யும் கட்டணமும் ஏறும். நியாயமான கட்டணம்தான், அந்த உயரத்தில் மின்சாரம் எளிதில் வருவதில்லை. அந்தப் பாதையில் நடந்தபோது நான் படம் எடுக்கிற விதமே மாறியது. கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத்தள்ளுவது நின்று, எதை எடுப்பது, எதைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும் என்று கை யோசிக்க ஆரம்பித்தது. அன்று எடுத்த படங்களை நான் இன்னும் பார்க்கிறேன். மற்ற பயணங்களில் எடுத்து ஹார்ட் டிஸ்கில் அடைத்தவற்றை அப்படித் திறந்து பார்ப்பதில்லை.

சில கருவிகளைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சிக்னல் இல்லாத மலையில் உயிரைக் காக்கும் என்று செயற்கைக்கோள் போனையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளையும் வெளிநாட்டில் பரிந்துரைப்பார்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம். பையில் அவை இருந்ததற்காக வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ட்ரோனும் அப்படியே, நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. எல்லையில் பதில் சொல்ல வேண்டிய பொருளை மாதக்கணக்கில் சுமப்பது பயணத்துக்கு நல்லதல்ல.

இதுவரை சொன்னது பயணிக்கு. அணைந்துபோன கருவியால் அதிகம் துன்பப்படுவது பயணி அல்ல, வீட்டில் இருப்பவர்கள். நான் வெளியே போகும்போதெல்லாம் அம்மா சொல்வது இதுதான்: "நீ பேசக்கூட வேணாம்பா. எங்க இருக்கேன்னு தெரிஞ்சா போதும்." இருப்பிடத்தைப் பகிர்கிற வசதி வந்தபிறகு அது அவருக்குக் கிடைத்தது. தங்கை போனில் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஒரு நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா படுப்பார். அது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் புள்ளி நின்றால்? மலைப்பாதையில் சிக்னல் போன ஓர் இரவு முழுக்க அம்மா தூங்கவில்லை என்பதைத் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். நானோ அந்த இரவு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து வெண்ணெய்த் தேநீர் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் வீடுகள் ஒரு கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தன. அவர்களுக்குக் கவலை குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மௌனத்துக்கு ஒரு காரணம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. கப்பல் வரவேண்டும், தபால் பிரிய வேண்டும். இன்றைக்கு மௌனத்துக்குக் காரணம் சொல்ல எதுவுமில்லை. அதனால் அது நேரே விபத்தாகத் தோன்றுகிறது. இதை எந்தக் கருவியும் தீர்க்காது. பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. நாங்கள் இப்போது ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். நீலப் புள்ளி கிடையாது. சிக்னல் இல்லாத பகுதிக்குள் போகும் முன் எந்த ஊர், எந்தத் தேதிக்குள் அடுத்த அழைப்பு என்று சொல்லிவிடுவேன். அந்தத் தேதி தாண்டினால் மட்டும் யாரிடம் விசாரிப்பது என்று தங்கையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மா இப்போது தூங்குகிறார். தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

கிளம்பப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கடைக்குப் போய் எதையும் வாங்கும் முன் ஒரு தாளை எடுங்கள். வீட்டில் மூவரின் எண்கள், பாஸ்போர்ட் எண், கார்டு தொலைந்தால் அழைக்க வேண்டிய வங்கி எண் ஆகியவற்றைப் பேனாவால் எழுதுங்கள். மின்னஞ்சல் கணக்கில் மாற்றுக் குறியீடுகள் (பேக்கப் கோட்) என்று ஒரு வசதி உண்டு. ஓடிபி வராத நாளில் அவை உங்களை உள்ளே விடும். அவற்றையும் எழுதுங்கள். ஒரு படி போன் இல்லாத இன்னொரு பையில் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். கொஞ்சம் ரொக்கத்தையும் அதோடு மடித்து வையுங்கள். பிறகு எந்தக் கருவியை வேண்டுமானாலும் வாங்குங்கள்.