இன்னும் உருவாகாத பதில்

இரண்டு வகைத் 'தெரியாது' உண்டு. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது சர்க்கரை அளவு நமக்குத் தெரியாது. ஆனால் அது ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு வகையில், தெரிந்துகொள்ள அங்கே எதுவும் இன்னும் இல்லை. இந்த வேறுபாட்டை எனக்கு உறைக்க வைத்தது குவாண்டம் இயற்பியல்.

1927-இல் கோபன்ஹேகனில் இருந்த வெர்னர் ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கொள்கையை ஒரு கற்பனை நுண்ணோக்கியை வைத்து விளக்கினார். எலக்ட்ரான் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காண அலைநீளம் மிகக் குறைந்த காமாக் கதிர் வேண்டும். அந்தக் கதிர் பட்டதுமே எலக்ட்ரானின் உந்தம் (நிறையும் வேகமும் பெருக்கிய அளவு) மாறிவிடும். இடம் பிடிபட்டால் உந்தம் நழுவும். நம்மில் பலர் இந்தக் கதையோடு நின்றுவிடுகிறோம்: அளக்கப் போய்க் கெடுத்துவிட்டோம், அதனால்தான் தெரியவில்லை என்று.

அதே ஆண்டு ஏர்ல் கென்னார்ட் இந்தக் கொள்கையைக் கணிதமாக நிறுவினார். அதில் நுண்ணோக்கியும் இல்லை, மோதலும் இல்லை. எலக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு. அதன் உந்தத்தைத் தீர்மானிப்பது அலைநீளம். சிறு இடத்தில் ஒடுங்கிய அலையில் பல அலைநீளங்கள் கலந்திருக்கும். ஒரே அலைநீளம் கொண்ட அலையோ எங்கும் பரந்து கிடக்கும். ஆகவே துல்லியமான இடமும் துல்லியமான உந்தமும் சேர்ந்தாற்போல் எலக்ட்ரானிடமே இல்லை என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இது குறையுமல்ல. எலக்ட்ரானை அணுக்கருவின் மேல் ஒடுக்கப் பார்த்தால் உந்தத்தின் வீச்சு பெருகி ஆற்றல் ஏறும். அணு சுருங்கி அழியாமல் நிற்பது அதனால்தான்.

மனித வாழ்க்கைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு கிராம் மணியின் இடத்தை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை குறித்தாலும், வேகத்தில் வரும் நிச்சயமின்மை எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு சிறியது. ஆனாலும் யோசிக்கும் முறையைக் கடன் வாங்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் அக்கா மகளிடம் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "அடுத்து என்னம்மா படிக்கப்போற?" என்கிறார்கள். "தெரியல" என்கிறாள். மழுப்புகிறாள் என்று மேலும் துருவுகிறார்கள். அவளுக்குள் ஒளிந்திருக்கும் பதில் எதுவும் இல்லை. நாலு கல்லூரிக்குக் கூட்டிப்போய், நாலு வேலை செய்கிறவர்களோடு பேசவிட்டால் ஒருவேளை உருவாகலாம். அதற்குக் கேள்வி கேட்கிறவர்களும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.