பந்தலில் மிஞ்சிய பழம்

காங்கேசன்துறையில் வீட்டு வளவில் முந்திரிகைப் பந்தல் வைத்திருக்கும் வாசகரே, பழம் முழுவதும் ஒரே கிழமையில் கனிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அவித்து, தோலும் விதையும் போக வடித்து, சீனி சேர்த்துக் காய்ச்சிப் போத்தலில் அடைப்பீர்கள். நல்லதே. அழுக விடுவது அநியாயம்.

ஆயினும் இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரம் ஒன்று சொல்கிறது. அயலானின் திராட்சைத் தோட்டத்தில் வயிறார உண்ணலாம். கூடையில் இட்டுக் கொண்டுபோகலாகாது. ஏன் இந்த வேறுபாடு? வயிற்றுக்கு அளவுண்டு, கூடைக்கு இல்லை. தோட்டக்காரனின் உரிமை அயலானின் பசிக்கு வழிவிடுகிறது. அவன் சேமிப்புக்கு வழிவிடவில்லை.

அப்படியானால் உங்கள் போத்தல்? அதுவும் ஒரு கூடைதானே! அயலவர் உண்ணுமுன் அதை மூடினால், அவர்களுடைய பங்கையும் சேர்த்தல்லவா அடைத்துவிடுகிறீர்கள்? ஒழுங்கைப் பிள்ளைகள் முதலில் தின்னட்டும். பிறகு அடுப்பை மூட்டுங்கள். சீனி விற்கிற விலையில் அது இலாபமுங்கூட.

காங்கேசன்துறையார் இதை அறியாதவர்களல்லர். 1990இல் இடம்பெயர்ந்தபோது அடுக்களைத் தட்டிலிருந்த போத்தல்களை எத்தனை பேர் தூக்கிச் சென்றீர்கள்? அன்று மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முன்பின் அறியாதவர்கள் உங்களுக்குச் சோறிட்டபோது, நாளைக்கு மிஞ்சுமா என்று பானைக்குள் எட்டிப் பார்த்தார்களா?