பாத்திரத்தைச் சாய்ப்பது

குற்றாலத்தில் அருவிக்குப் போகிறவர்கள் குரங்குக்குட்டியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. தாய் கூரை விட்டுக் கூரை தாவும். குட்டி வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். பூனைக்குட்டி பற்றாது. தாய் பிடரியைக் கவ்வியதும் காலை மடக்கிக்கொண்டு உடம்பைத் தளரவிட்டுவிடும். இறைவனிடம் அடைக்கலமாவது எப்படி என்ற வைணவ வாதத்தில் வடகலையாருக்குக் குரங்குக்குட்டியும் தென்கலையாருக்குப் பூனைக்குட்டியும் உவமைகளாயின: மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம்.

ஆனால் அந்தத் தளர்ச்சி பழகிய வாய்க்கு மட்டும்தான். தாயைப் பிரிந்த குட்டி வீட்டுக்கு வந்தால் அது விளங்கும்.

வடகரையில் சாரல் பிடித்திருந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சாம்பல் வரிக்குட்டி. பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் புதுத் துண்டு விரித்துக் கூடத்தின் நடுவில் வைத்தார்கள். தூக்கிப் படுக்கவைத்தால் நாலு காலும் விறைக்கும். நழுவி அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்க் கத்தும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்தார். "தூக்கித் தூக்கிப் போட்டா அது எப்படிப் படுக்கும்? அது போற இடத்துல பெட்டியக் கொண்டு வைங்க" என்றார். துண்டை எடுத்துவிட்டு, நான் உடுத்திக் கழற்றிய கைலியைத் துவைக்காமல் போடச் சொன்னார். தரை ஈரம் ஏறாமல் அடியில் சாக்கு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வைத்தார். சூடு தாளாவிட்டால் குட்டி விலகிப் படுக்க இடம் வேண்டுமே. பெட்டியின் வாயைப் பாதி சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

தொழுகைக்கு முன் ஒளூச் செய்ய வைத்த தண்ணீரைக் குடிக்க வந்த பூனைக்கு நபித்தோழர் அபூகதாதா பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் என்ற ஹதீஸைப் பெரியம்மா சொல்லித்தான் கேட்டேன். பூனையைத் தூக்கவில்லை; பாத்திரத்தைத்தான் சாய்த்தார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவற்றுக்கு மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தது. ஒளிவதை நாம் நன்றியின்மையாக எடுத்துக்கொள்கிறோம். புது இடத்தில் பயந்த உயிர், யாரும் பார்க்காத ஒரு மூலையிலிருந்துதான் அந்த வீட்டை மோந்து, காது கொடுத்துப் பழகுகிறது. அடைக்கலம் கொடுக்கிறவர் அதுவரை பொறுக்க வேண்டும். பொறுப்பதுதான் கடினம், ஏனென்றால் நமக்குக் கொடுத்த திருப்தி உடனே வேண்டியிருக்கிறது.

என் அத்தையை மகன் சென்னைக்குக் கூட்டிப் போயிருக்கிறான். தனி அறை, ஏசி, புது மெத்தை. அத்தையோ கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் பாய் விரித்துப் படுக்கிறாராம். "உள்ள போய்ப் படும்மான்னா கேக்கவே மாட்டேங்கா, மச்சான்" என்று போனில் வருத்தப்பட்டான். அவன் வருத்தம் உண்மையானது. கடன் வாங்கித்தான் அந்த அறையைச் சரிசெய்தான்.

"அங்கயே படுக்கட்டும்டே. பேன் காத்து அங்க வருதான்னு மட்டும் பாரு" என்றேன்.

தெருக்காரர் ஒருவர் நாளை பொதிகை எக்ஸ்பிரஸில் போகிறார். அத்தையின் தலையணையை அவரிடம் கொடுத்துவிடப் போகிறேன். உறையை மாற்றவில்லை.