அறிவோடு கூடிய அருள்

பெயரறியாத் தொட்டிச் செடியொன்றின் தடித்த இலைகள் சுருங்கக் கண்டோம். தாகமென எண்ணி, இரக்கத்தால் நாள்தோறும் நீர் வார்த்தோம். வேர் அழுகிற்று, சுருக்கமும் மிகுந்தது.

உதிர்ந்த இலையொன்றின் விளிம்பில் சிறு கன்றுகள் முளைத்தபோதுதான், ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என மக்கள் வழங்கும் ரணகள்ளி அதுவென அறிந்தோம். மடகாஸ்கர்த் தீவில் தோன்றிய அச்செடி இலையிலேயே நீரைச் சேமிப்பது. மண் உலர்ந்தால்தான் அதற்கு நீர் வேண்டும்.

கொல்லும் எண்ணம் இல்லாமையால் நாம் குற்றமற்றவர் ஆவோமா? ஆகோம். ஊற்றுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர் தன் துன்பத்தை உரைக்க வல்லதன்று. அதனை ஆராயாத சோர்வும் இம்சைக்கு ஏதுவாம். மும்மணிகளில் நன்ஞானத்தை அடுத்து நல்லொழுக்கம் நிற்பதும் இதனாலன்றோ?

கன்றுகளை மணல் கலந்த மண்ணில் நட்டோம், தழைத்தன. இப்பொழுது மண்ணைத் தொட்டுப் பார்த்த பின்னரே நீர் வார்க்கிறோம்.